கையில் இருப்பது 32 மணி நேரம்: மூன்று மாதத்தில் நீங்களே ஒன்றைக் கற்றுக்கொள்ளத் திட்டமிடுவது எப்படி?

புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பும்போது நாம் முதலில் செய்வது பட்டியல் போடுவது. கிடார், ஸ்பானிஷ், ஓவியம், கோடிங், தையல், புகைப்படம். மூன்றாவது வாரத்தில் எல்லாம் அந்தரத்தில் நிற்கும், உடனே "நமக்கு ஆர்வம் போதாது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். என் அனுபவத்தில் ஆர்வத்தில் குறை இருப்பதில்லை, கணக்கில்தான் இருக்கிறது. அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கணக்கைப் போடுங்கள்.

மூன்று மாதம் என்றால் 12 வாரம். வேலை, வீடு, உடம்பு முடியாத நாள் எல்லாம் போக வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 மணி நேரம், அவ்வளவுதான். இதில் ஒரு மொழியைச் சரளமாகப் பேச முடியாது, ஆனால் புதிய எழுத்து வடிவம் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகலாம், கிடாரில் மூன்று நான்கு கார்டு (சில கம்பிகளை ஒன்றாக அழுத்தி மீட்டும் சுரக்கூட்டு) மட்டும் வரும் ஒரு பாட்டை நிறுத்தாமல் வாசிக்கலாம், ஒரு ஸ்கெட்ச் நோட்டை முழுக்க நிரப்பலாம். அதே 32-ஐ ஐந்து ஆசைகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆறரை மணி நேரம்கூட வராது, அதற்குள் எதுவும் கையில் படியாது. அந்த 4 நாளும் உங்களுக்கு உண்மையிலேயே கிடைக்குமா என்று கற்பனையில் பார்க்காதீர்கள், போன மாதத்து காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை மனிதர்கள் வழக்கமாகவே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். போன மாதம் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம்தான் உங்களுடையதாக இருந்தது என்றால், உங்கள் கணக்கு 16 மணி நேரம். அதுவும் போதும், அதற்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்.

இப்போது பட்டியலுக்கு வாருங்கள். அதிலிருந்து இரண்டு மட்டும், ஒன்று பிரதானம், ஒன்று துணை. பிரதானத்துக்கு மூன்று நாள், துணைக்கு ஒரு நாள். ஒன்று மூளைக்கு வேலை வைத்தால் மற்றது கைக்கோ உடம்புக்கோ வேலை வைக்கட்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர் கோடிங்கையும் வீடியோ எடிட்டிங்கையும் சேர்த்து எடுத்தால் இரண்டுமே அலுவலக வேலை மாதிரி ஆகிவிடும். மீதி ஆசைகளை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், நடுவில் புதிதாக ஏதாவது தோன்றினாலும் அதே பக்கத்துக்குப் போகட்டும். முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம், ஒத்துவரவில்லை என்றால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் 12-ஆவது வாரம் வரை மாற்றக்கூடாது. அந்த இரண்டு வாரத்தில் பொருள் எதையும் வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள், வாடகைக்கு எடுங்கள். வாங்கும்போதே பாதி கற்றுவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடும், அந்த நிறைவு பயிற்சிக்கு எதிரி.

"கிடார் கற்றுக்கொள்வேன்" என்பது இலக்கு ஆகாது. "12-ஆவது வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியை உட்கார வைத்து இந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டுவேன்" என்று எழுதுங்கள். நாள், ஆள், பொருள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க முடியும், அந்தப் பாட்டில் வராத கார்டை இந்த மூன்று மாதத்தில் தொடவே வேண்டாம்.

எங்கிருந்து கற்பது என்பதற்கு ஒரே ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் போடப்போவதாக 2001-இல் அறிவித்தது, இன்றைக்கு எந்த விஷயத்துக்கும் பாடத்துக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே நிறைய பேர் நல்ல பாடத்தைத் தேடியே மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஒரு புத்தகம் அல்லது ஒரு கோர்ஸ், சந்தேகம் வந்தால் பார்க்க இன்னொன்று, போதும்.

நேரத்தை மட்டும் குறித்தால் பற்றாது, எதற்கு அப்புறம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "இரவு சாப்பிட்டுக் கை கழுவினதும் ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை எடுப்பேன்" என்று. "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் செய்து முடிக்க வாய்ப்பு கூடும் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கூடவே கிடாரை உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வெளியிலேயே நிற்கட்டும். ஜிப்பைத் திறக்கிற அந்த அரை நிமிடச் சோம்பலில்தான் என்னுடைய பல சாயங்காலங்கள் போயின.

அந்த 40 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது? படித்து ஞாபகம் வைக்கிற விஷயம் என்றால், முதல் ஐந்து நிமிடம் எதையும் திறக்காமல் போன தடவை கற்றதை வெறும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. திரும்பப் படிக்கும்போது வரும் "தெரியும்" என்ற உணர்வை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மொழி கற்பவர்களுக்கு லைட்னர் பெட்டி நல்ல துணை. சொற்களைச் சீட்டில் எழுதி, சரியாகச் சொன்ன சீட்டை அடுத்த அறைக்குத் தள்ளி, தப்பானதை முதல் அறைக்கே திருப்பிவிடுவது. பின்னால் இருக்கும் அறைகளைச் சில நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், வராத சொல் மட்டும் அடிக்கடி கண்ணில் படும்.

கைவேலை என்றால் வழி வேறு. சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு மாறுவதில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்தேன், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடுக்கியது. அப்புறம் ஒரு நாள் கையை மட்டும் உற்றுப் பார்த்தேன். மோதிர விரல் ஐந்தாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை வர வேண்டும், மூன்று விரல்களில் அதற்குத்தான் தூரம் அதிகம், அதுதான் கடைசியாக வந்து சேர்ந்தது. மறுநாளிலிருந்து பாட்டை விட்டுவிட்டு, மோதிர விரலை முதலில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதன் பின்னால் வரவைத்துப் பழகினேன். ஒரு நிமிடம் டைமர் வைத்து எத்தனை மாற்றம் வருகிறது என்று எண்ணினேன். முதல் நாள் 11, நாலாவது வாரம் 34. எந்தக் கலையாக இருந்தாலும் தடுக்குகிற அந்தச் சின்ன இடத்தைத் தனியாக வெட்டி எடுத்து அதை மட்டும் பழகுங்கள், முழுசாக வாசிப்பதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது மூன்று வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எங்கே தடுக்கியது, அடுத்த தடவை எதில் தொடங்குவேன். மூன்றாவது வரிதான் முக்கியம், களைத்துப்போய் வந்து உட்காரும்போது யோசிக்க வேண்டிய வேலை மிச்சம்.

நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஒரு தொய்வு வரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் செய்த ஒன்று தானாக நடக்கிற பழக்கமாக ஆகச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டும் எண்கள், அதுவரை பார்த்த போக்கை வைத்துக் கணித்தவை). ஆகவே ஐந்தாவது வாரத்திலும் உட்காரக் கஷ்டமாக இருக்கிறது என்றால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது, விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று மறுநாள் 80 நிமிடம் உட்காராதீர்கள். 7-ஆவது வாரத்தில் புதிதாக எதையும் வைக்க வேண்டாம், பின்தங்கியதைச் சரிசெய்ய மட்டும் அது. அதற்குள்ளும் சரியாகவில்லை என்றால் நாளைத் தள்ளாதீர்கள், இலக்கைச் சின்னதாக்குங்கள், முழுப் பாட்டுக்குப் பதில் பல்லவி மட்டும்.

11-ஆவது வாரமும் புதிதாக ஒன்றும் கிடையாது, ஒத்திகை மட்டும். முதல் வாரமே ஒரு நிமிடம் ஃபோனில் பதிவு செய்து வைத்திருங்கள், 12-ஆவது வாரம் வாசித்து முடித்ததும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் இரண்டு வாரம் ஓய்வு, ஓய்வு முடிந்த பிறகுதான் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.