'தி க்ரூசிபிள்' நாடகத்திலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

ஆங்கிலச் செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுகிறேன், ஆனால் புதுச் சொற்கள் மனதில் நிற்பதில்லை என்று சொல்பவர்களிடம் நான் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தைத்தான் கொடுப்பேன். 1953இல் நியூயார்க்கில் மேடையேறியது. நாலே அங்கம். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலிருந்த சேலத்தில் நடந்த சூனியக்காரி வழக்குகள்தான் கதை. அந்த வழக்குகளில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களுக்கு எதிராக இருந்த சாட்சியம் முக்கால்வாசியும் வெறும் வாய்ப்பேச்சு. ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் உயிர் போகும் என்ற நிலையில் பேசுகிறவர்களின் சொல் நமக்கு எளிதில் மறக்காது.

நாடகப் பிரதி, ஒரு நோட்டு, பென்சில், அகராதி. இவ்வளவு போதும்.

முதலில் கதை

கதை தெரியாமல் உள்ளே போகாதீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் காட்டுக்குள் நடனமாடிய சில பெண்கள் பாதிரியார் பாரிஸிடம் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பிப்பதற்காக ஊராரைச் சூனியக்காரிகள் என்று கைகாட்டத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குத் தலைவி அபிகெயில். அவள் முன்பு வேலை செய்த வீட்டின் எஜமானர் ஜான் ப்ராக்டர், இருவருக்கும் இடையே தகாத உறவு இருந்தது. இப்போது அவர் மனைவி எலிசபெத் மீதே பழி விழுகிறது. நிஜத்தில் அபிகெயிலுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான், ப்ராக்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. நாடகத்துக்காக மில்லர் அவளைப் பதினேழு வயதுக்காரி ஆக்கினார், அவர் வயதையும் குறைத்தார்.

தலைப்பையும் இப்போதே கற்றுக்கொள்ளலாம். க்ரூசிபிள் என்றால் மூசை, பத்தர் பொன்னை உருக்கும் சின்னக் கிண்ணம். கடும் சோதனை என்ற பொருளும் அதற்கு உண்டு.

உரைநடையைத் தாண்டுங்கள்

முதல் அங்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மில்லர் பக்கம் பக்கமாகச் சேலத்தின் வரலாறு எழுதியிருப்பார். அருமையான எழுத்து, ஆனால் நாடகத்திலேயே கடினமான ஆங்கிலம் அதுதான். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முதல் சுற்றில் வசனத்தையும், அடைப்புக்குறிக்குள் வரும் சின்ன மேடைக் குறிப்புகளையும் மட்டும் படியுங்கள். மற்றது மூன்றாவது சுற்றுக்கு.

பென்சில் புள்ளி

ஒரு நாளைக்கு ஐந்து பக்கம், வாய்விட்டு. அகராதியைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். மறுநாள் அதே ஐந்து பக்கத்தைத் திரும்பப் படித்தால் பாதிப் புள்ளிகளுக்குப் பொருள் தானாகவே பிடிபடும். மிச்சத்தில் எட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை படித்தபோது முதல் அங்கத்திலிருந்தே எழுபது சொல்லை வரிசையாக எழுதி, எதிரே பொருளும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பத்துகூட நினைவில்லை. யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று ஒன்றுக்கும் குறிப்பில்லாததுதான் காரணம்.

ஒரு சொல், ஒரு பக்கம்

அதனால் இப்போது இப்படி எழுதுகிறேன்:

சொல்: கன்டெம்ப்ட்
சொன்னவர்: நீதிபதி டேன்ஃபோர்த், 3ஆம் அங்கம்
யாரிடம்: கிழவர் ஜைல்ஸ் கோரியிடம்
எதற்கு: தனக்குத் தகவல் சொன்னவரின் பெயரைச் சொல்லக் கிழவர் மறுத்ததற்கு
தமிழில்: நீதிமன்றத்தில் அவமதிப்பு, வெளியே இளக்காரம்
என் வாக்கியம்: ஷீ லுக்ட் அட் ஹிம் வித் கன்டெம்ப்ட்

கடைசி வரி கட்டாயம். உங்களுக்குத் தெரிந்த மனிதர்களை, உங்கள் வீட்டை, அலுவலகத்தை வைத்து எழுதுங்கள்.

இந்தச் சொல்லோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. நாடகம் வந்து மூன்று வருடம் கழித்து, 1956இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு மில்லரையே கூப்பிட்டு விசாரித்தது. கூட்டங்களில் பார்த்த மற்ற எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லச் சொன்னது. அவர் மறுத்தார். 1957இல் அவர் மீது தீர்ப்பான குற்றம் இதே கன்டெம்ப்ட்தான். 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. தன் நாடகத்தில் ஜைல்ஸ் கோரிக்கு நேர்ந்தது மில்லருக்கே நேர்ந்த இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

எந்தச் சொல்லை எடுப்பது?

நீதிமன்றச் சொற்களில் தொடங்குங்கள். வாரண்ட், அஃபிடவிட் இரண்டும் நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கின்றன. அவற்றோடு டெபொசிஷன் (எழுதிக் கொடுக்கும் சாட்சியம்), பெர்ஜுரி (சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது), இன்டைட்மென்ட் (முறைப்படியான குற்றச்சாட்டு) மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டைட்மென்ட் என்பதன் எழுத்தில் நடுவே ஒரு 'சி' இருக்கும், உச்சரிப்பில் வராது.

அப்புறம் குணத்தைச் சொல்லும் சொற்கள். அபிகெயில் முதன்முதலாக மேடைக்கு வரும்போதே மில்லர் அவளை டிஸெம்பிளிங்கில் கைதேர்ந்தவள் என்று குறிக்கிறார். உள்ளே ஒன்றை மறைத்து வெளியே வேறொன்றைக் காட்டுவது, நம் பாசாங்கு. பொருளைக் கழற்றிப் பிரிக்கும் டிஸ்அசெம்பிளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அபிகெயிலின் முகத்தோடு நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ரொம்பக் கவனம் வேண்டியது தெரிந்த சொல்லுக்குத் தெரியாத பொருள் வரும் இடங்களில். ஃபெமிலியர் என்றால் பழக்கமான என்று படித்திருப்போம். இந்த நாடகத்தில் ஃபெமிலியர் ஸ்பிரிட் என்று வந்தால், சூனியக்காரி ஏவிவிடும் பேய், நம் குட்டிச்சாத்தான் போல. பாப்பெட் என்பது இங்கே துணிப்பொம்மை. எலிசபெத் வீட்டில் கிடைத்த பாப்பெட்டில் ஊசி இருந்ததுதான் அவரைச் சிறைக்கு அனுப்புகிறது. இன்றைய இங்கிலாந்தில் அதே சொல்லால் குழந்தைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

ஒரே சொல்லைப் பின்தொடருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. வெயிட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எடை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் அங்கத்தில் பாதிரியார் ஹேல் கை நிறையப் புத்தகங்களோடு வருகிறார். எவ்வளவு கனம் என்று பாரிஸ் வியக்க, அதிகாரத்தால் கனத்தவை என்கிறார் ஹேல். அங்கே வெயிட்டட். இரண்டாம் அங்கத்தில் ப்ராக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி வாரன் நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்து, நாங்கள் பார்ப்பது வெயிட்டியான வேலை என்று எஜமானரிடமே பெருமை பேசுகிறாள். நாலாம் அங்கத்தில் கோரி எப்படிச் செத்தார் என்று சிறையில் ப்ராக்டர் கேட்கிறார். அவரை 'ப்ரெஸ்' செய்தார்கள் என்கிறார் எலிசபெத். ப்ராக்டருக்கே அது புரியாமல், ப்ரெஸ்ஸா என்று திருப்பிக் கேட்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று பதில் வரும்வரை நெஞ்சில் கல்லை அடுக்கினார்கள். கிழவர் சொன்னது இரண்டே சொல்: 'மோர் வெயிட்.'

மறுத்திருந்தால் தூக்கில் போட்டுச் சொத்தை ஏலம் விட்டிருப்பார்கள். பதிலே சொல்லாததால் நிலம் பிள்ளைகளுக்குப் போனது. ஹேலுக்குப் புத்தகத்திலும் மேரிக்குப் பேச்சிலும் இருந்த கனம் கோரியின் நெஞ்சில் கல்லாக வந்து நிற்கிறது. தமிழிலும் இதே பாதைதான்: கல்லும் கனம், நீதிமன்றத்தில் 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்பதும் கனம். ஒரு சொல்லை இப்படி நாலு அங்கமும் தொடர்ந்து போனால் அகராதி ஒரு வரியில் சொல்வதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அடுத்து நேம் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். முடிவில் ப்ராக்டர் எதற்காக உயிரை விடுகிறார் என்பது அதில்தான் இருக்கிறது.

எதைப் பழகக் கூடாது

அந்தக் காலத்து நாட்டுப்புறப் பேச்சு போலத் தோன்றுவதற்காக மில்லர் இலக்கணத்தை வளைத்திருக்கிறார். 'இட் வாஸ்' வர வேண்டிய இடத்தில் 'இட் வேர்' வரும், 'ஹீ கேவ்' என்பது 'ஹீ கிவ்' ஆகும். படிக்கும்போது புரிந்தால் போதும், தேர்விலோ அலுவலகத்திலோ அப்படி எழுதிவிடாதீர்கள். பெயருக்கு முன்னால் வரும் குடி என்பது குட்வைஃப் என்பதன் சுருக்கம், குடும்பத் தலைவிக்கான மரியாதை அடைமொழி. ஐ என்று ஒலிக்கும் 'ஏ-ஒய்-இ' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை.

திரும்பப் பார்ப்பது

எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என மூன்று முறை. சொல்லையும் பொருளையும் கையால் மூடிக்கொண்டு, சொன்னவர் பெயரையும் காரணத்தையும் மட்டும் பார்த்துச் சொல்லை வரவழையுங்கள். வராவிட்டால் அந்தக் காட்சியைத் திறந்து அந்த வசனத்தை உரக்கப் படியுங்கள். வீட்டில் ஒருவர் கிடைத்தால் அவரை டேன்ஃபோர்த் ஆக்கிவிட்டு நீங்கள் கோரி ஆகுங்கள்.

நாலு அங்கமும் முடிந்த பிறகு 1996இல் வந்த படத்தைப் பாருங்கள். திரைக்கதையும் மில்லருடையதுதான். சப்டைட்டிலை அணைத்துவிட்டு நீதிமன்றக் காட்சியைப் போட்டு, உங்கள் நோட்டில் இருக்கும் சொல் காதில் விழும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு விழாத பக்கங்களை மறுவாரம் முதலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.