சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் கடை திறக்கும் நேரத்தைப் படியுங்கள்

சிங்கப்பூர் வந்த புதிதில் நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: வார நாட்களில் ஆபீஸ் பக்கத்து மாலில் எதையாவது சாப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய் ஒரு தோசை, மூன்று மாதம் கழித்து "இந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது" என்று ஒரு தீர்ப்பு. இந்த ஊர்ச் சாப்பாட்டை அவர்கள் இன்னும் தொடவே இல்லை. அது உணவங்காடி நிலையங்களில் (ஹாக்கர் சென்டர், பல சிறு கடைகள் ஒரே கூரைக்குக் கீழே) இருக்கிறது. தீவு முழுக்க 100க்கும் மேல் உண்டு, 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்தக் கலாசாரம் ஏறிவிட்டது. ஆனால் அங்கே ஒவ்வொரு கடைக்கும் அதனதன் நேரம். காலை 7 மணிக்குக் களைகட்டுகிற கடை 11 மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும், சாயங்காலக் கடை மதியம் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை பாதிக் கடைக்கு விடுமுறை. மேக்ஸ்வெல் நிலையத்தில் எல்லாரும் தேடிப் போகிற தியான் தியான் கோழிச் சோற்றுக் கடைக்கும் திங்கள்தான் லீவு. ஆகவே எங்கே போகலாம் என்று கேட்பதற்கு முன்னால், எப்போது போகலாம் என்று கேளுங்கள். துப்புரவுப் பணிக்காக ஒரு நிலையத்தையே சில நாள் மூடிவிடுவதும் உண்டு, தேதியை இணையத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

காலைப் பசியாறலில் ஆரம்பிப்பது நல்லது. சனிக்கிழமை 8 மணிக்குள் தியோங் பாரு சந்தைக்குப் போய் மாடி ஏறுங்கள், சுவீ குவே வாங்குங்கள். சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வெந்த அரிசி மாவு, இட்லியைவிட வழுவழுப்பு, நடுவில் ஒரு குழி. அந்தக் குழி நிரம்பி வழிய, உப்பில் ஊறிய முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி ஒரு கரண்டி வைப்பார்கள், ஓரத்தில் மிளகாய் விழுது. மாவில் சுவை என்று பெரிதாக எதுவும் இருக்காது, எல்லாம் அந்த முள்ளங்கியில்தான். (சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகளும் உண்டு.)

கூடவே கோப்பி. நம் ஃபில்டர் காபியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டுமே கெட்டுவிடும். இங்கே கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் வகையறாவும் சேர்த்து வறுப்பதால் வாசமே வேறு. வெறுமனே "கோப்பி" என்றால் கெட்டிப்பால் சேர்ந்த தித்திப்பு. "கோப்பி ஓ" என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் தித்திப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும், நம் நாக்குக்கு இதுதான் கிட்டத்தில் வரும். பின்னால் "கொசோங்" சேர்த்தால் சர்க்கரை கிடையாது, "சியூ டாய்" என்றால் குறைவு, "காவ்" என்றால் திக்காக, "பெங்" என்றால் ஐஸ் போட்டு. தேநீருக்கும் இதே கணக்குதான், கோப்பிக்குப் பதில் "தே". கடைக்காரரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுங்கள், தயங்காமல் சட்டென்று சொல்லுங்கள். வரிசையில் நின்று யோசிப்பவர்களைக் கண்டால்தான் அவர்களுக்கு எரிச்சல்.

மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் தனியாக இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம், யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்களும் அப்படியே பிடிக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம்: முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைக்காதீர்கள்.

எந்தக் கடை என்று தெரியாவிட்டால் வரிசையைப் பாருங்கள். நீளத்தைவிட, அதில் நிற்பவர்களைப் பார்ப்பதுதான் முக்கியம். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிற கூட்டம் என்றால் வேகமும் விலையும் காரணமாக இருக்கலாம். கையில் காய்கறிப் பையோடு வயதான ஆன்ட்டிகள் பொறுமையாக நின்றால் கேள்வி கேட்காமல் பின்னால் போய் நில்லுங்கள். கேமராவோடு நிற்கிற கூட்டத்துக்கு நான் அவ்வளவாக மதிப்புக் கொடுப்பதில்லை. அப்புறம் ஒவ்வொரு தட்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள், சோறு இறங்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் உருண்டையைப் போட்டுத் தருவது நடக்கும். லக்சாவில் (தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சூப்) காய்ந்த இறால், சம்பல் மிளகாய் விழுதில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, கண்ணுக்குத் தெரியாது. பல நிலையங்களில் சீனச் சைவக் கடை ஒன்று இருக்கும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், பல கடைகளில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. அசைவக்காரர்கள் காத்தோங் பக்கம் போய் லக்சா குடியுங்கள். குடியுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் கரண்டி மட்டும் தருவார்கள்.

தேக்காவுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் போனால் தோசையை விட்டுவிட்டு மீ கோரிங் சொல்லுங்கள். செக்கச் செவேலென்று, உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுப் பெரிய சட்டியில் புரட்டித் தருகிற அந்த நூடுல்ஸ், நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கே வந்து கண்டுபிடித்தது. ஊருக்குப் போனால் கிடைக்காது. மீன் தலைக் கறியும் அப்படித்தான், கேரளக்காரர் ஒருவர் சீன வாடிக்கையாளர்களைக் கவர இங்கே ஆரம்பித்து வைத்தது. கறி அடைத்த பரோட்டாவான முர்தபாவுக்குச் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள ஸம் ஸம், 1908இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற கடை. நாலு பேராகப் போங்கள், ஒருவரால் முடியாது.

இனி வாரக்கடைசி. அரை நாள்தான் இருக்கிறது என்றால் உபின் தீவு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், தலைக்கு 4 வெள்ளி, பத்து நிமிடம். சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் செக் ஜாவா சதுப்பு நிலம் வரை மிதித்துவிட்டு, திரும்பி வந்து சாங்கி வில்லேஜில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. பசியோடு வந்து சாப்பிடுவதால்தானோ என்னவோ, அங்கே ருசி ஒரு படி கூடத்தான்.

ஒரு நாள் முழுக்க இருந்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாரு. இதில்தான் நேரக் கணக்கு உயிர்நாடி. 2025 ஜனவரியிலிருந்து ஜோகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை (அதற்கு முன் வெள்ளி, சனி), ஆக இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் பாலத்தில். வெள்ளி சாயங்காலமும் சனி காலை 8 மணிக்கு மேலும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் தலைவைக்காதீர்கள். 6 மணிக்கே போய்விடுங்கள், அல்லது ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள்: ஷட்டில் தெப்ராவ் 5 நிமிடத்தில் கொண்டு போய்விடும், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். நல்ல நேரத்து டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். பள்ளி விடுமுறை, நீண்ட வாரக்கடைசி என்றால் வேறு திட்டம் போடுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம்தான். பணம் கேட்கிற தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். இந்தியக் கடப்பிதழுக்கு விசா விலக்கு 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் இறங்கியதும் பெரிய மால்களுக்குள் நுழையாமல் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவுக்கு நடங்கள். ஹியாப் ஜூ பேக்கரியில் இன்னும் விறகடுப்புதான், வாழைப்பழக் கேக் சுடச்சுட வரும்போது வாங்கிப் பாதியை அங்கேயே நின்று தின்றுவிடுவது உத்தமம். லார்க்கின் பக்கம் போனால் காச்சாங் பூல்: மசித்த பயறு, தடிமனான ரொட்டி, மேலே ஒரு பொரித்த முட்டை, பச்சை மிளகாய், எலுமிச்சை. அரபு நாட்டுப் பண்டம், ஜோகூரில் குடியேறிவிட்டது. பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்திருக்கும், வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்புவது மதியம் 3க்குள், இல்லாவிட்டால் ராத்திரி நன்றாக நேரமான பிறகு.

ஓர் இரவு தங்க முடியும் என்றால் மலாக்கா. பஸ் நாலு மணி நேரம், பாலத்து நெரிசலைப் பொறுத்து கூடும். மலாக்கா சென்ட்ரலில் இறக்கிவிடுவார்கள், பழைய நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர், கிராப் டாக்ஸி எடுங்கள். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே. உருண்டை பிடித்த கோழிச் சோறு ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். புளிப்பும் காரமுமான அசாம் பெடாஸ் மீன் குழம்புக்கும், கூலா மலாக்கா (பனைவெல்லப் பாகு) ஊற்றிய செண்டோல் ஐஸுக்கும் வயிற்றில் இடம் வையுங்கள். மறுநாள் காலை 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலைப் பார்த்துவிட்டு, காஜா பெராங் பக்கம் செட்டி கிராமத்துக்குப் போங்கள். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. அவர்கள் சமையலில் நம் மசாலாவும் மலாய்த் தேங்காய்ப்பாலும் பெலாச்சானும் ஒன்றாகக் கலந்திருக்கும். வீட்டுச் சமையல் என்பதால் கடைகள் குறைவு, முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலிருந்து பன்றி இறைச்சிப் பண்டம் கொண்டுவரக் கூடாது, சூயிங் கம் கூடாது, மதுவுக்கு வரி விலக்கு இல்லை. சுற்றுப்பயணிகளுக்கும் குடிமக்களுக்கும் கிடைக்கிற ஜிஎஸ்டி விலக்கு நம்மைப் போல வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் கிடையாது, இது பலருக்குத் தெரியாது. பெரிதாக ஏதாவது வாங்கியிருந்தால் சுங்கத்துறைச் செயலியில் முன்பே அறிவித்துக் கட்டிவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.