உயிரியல் பூங்காவுக்குப் போவதும் அதற்குக் கைகொடுப்பதும் எப்படி?

"புலி தூங்கிக்கொண்டே இருந்தது, சிறுத்தை கண்ணிலேயே படவில்லை." பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் இந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் போன நேரம்தான். பெரிய பூனைகள் ஒரு நாளில் பாதிக்கு மேல் படுத்தேதான் கிடக்கும், காட்டிலும் அப்படித்தான். நடமாட்டமெல்லாம் காலையிலும் சாயங்காலமும். நடுப்பகலில் போனால் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஆகவே சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள். வார விடுமுறை எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதல் கூண்டிலேயே மொய்ப்பார்கள். நீங்கள் நேராகக் கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள், முதல் ஒரு மணி நேரம் கூட்டமே இருக்காது. இரவுக் கொட்டடியிலிருந்து அப்போதுதான் வெளியே விடப்பட்ட புலி, தன் வேலியை ஒருமுறை சுற்றி வரும். ஒரு மரத்தடியில் நின்று முகர்ந்து பார்த்து, திரும்பி நின்று வாலைத் தூக்கிச் சிறுநீரைப் பீய்ச்சும்: "இது என் இடம்." அந்த வீச்சு இரண்டு மூன்று மீட்டர் போகும். கம்பி வலையை ஒட்டி நிற்பவர்கள் கவனிக்க.

ஒரே நாளில் அத்தனையும் பார்த்துவிட நினைப்பதுதான் இரண்டாவது தப்பு. ஐந்தே இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நில்லுங்கள். உணவு வைக்கும் நேரம் பலகையில் இருந்தால் கால் மணி முன்னதாகப் போங்கள். காப்பாளரின் சாவிச் சத்தத்துக்கே காதைத் திருப்பும் விலங்கைப் பார்ப்பது, அது தின்பதைப் பார்ப்பதைவிடச் சுவையானது. இரவு விலங்குகளின் கூடத்தில் இரவில் விளக்கைப் போட்டு, பகலில் மங்கலாக்கி, பகலை இரவாக்கியிருப்பார்கள். இருட்டுக்குக் கண் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். "ஒன்றுமே இல்லை" என்று ஒரே நிமிடத்தில் வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். ஃபோனை அணைத்துவிட்டு, தரையை அல்ல, மேலே கிளைகளைப் பாருங்கள்.

படம் எடுக்கிறீர்களா? வலையில் வெயில் படாத இடமாகப் பார்த்து, தடுப்புக்கு வெளியே நின்றபடியே லென்ஸை வலைக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள். அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, விலங்கு வலையிலிருந்து தள்ளி நிற்கும்போது எடுத்தால் கம்பி மங்கி மறைந்துவிடும். கண்ணாடி என்றால் ஒரு கறுப்புத் துணியால் லென்ஸைச் சுற்றி மறைத்தால் போதும், பிரதிபலிப்பு வராது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

"தீனி போடாதீர்கள்" என்ற பலகைக்குப் பின்னால் இருக்கும் காரணம் பலருக்குத் தெரியாது. மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பை, நார்ச்சத்தை மெல்ல மெல்லப் புளிக்கவைக்கும் தொட்டி. அதில் ரொட்டியும் பிஸ்கட்டும் விழுந்தால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறி, இரைப்பை ஓட்டமே நின்றுவிடலாம். ஆளுக்கு ஒரு துண்டுதான், ஆனால் நூறு பேர் போடுகிறார்கள். தின்பண்ட வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். இன்னொன்று: சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு மனிதக்குரங்குகள் பக்கம் போகாதீர்கள். நம் சளி சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் தொற்றும். குரங்கைக் கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பதும் கூடாது, பல இனங்களில் அது சண்டைக்கு அழைப்பு.

இனி, கைகொடுக்கும் விஷயம். "அடைத்துவைத்த இடத்துக்கு ஏன் பணம் தரணும்?" என்பது நியாயமான கேள்வி. அரேபிய ஓரிக்ஸ் மானைப் பாருங்கள். 1972இல் ஓமனில் இயற்கையில் எஞ்சியிருந்தவையும் வேட்டையில் போயின. அதற்கு முன்பே, 1963இல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஒரு மந்தையைத் தொடங்கியிருந்ததால் 1982இல் மறுபடி ஓமன் பாலைவனத்தில் விட முடிந்தது. 1990களில் அங்கே மறுபடி திருட்டு வேட்டை நடந்து எண்ணிக்கை சரிந்தபோதும், வளர்ப்பு மந்தைகள் கையில் இருந்தன. எல்லாப் பூங்காவும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. உங்கள் பூங்காவில் கேட்டுப் பாருங்கள்: "எந்த இனத்தை இனப்பெருக்கம் செய்கிறீர்கள்? வம்சாவளிப் பதிவேட்டில் (எந்த விலங்குக்கு யார் தாய், தந்தை என்று பூங்காக்கள் சேர்ந்து எழுதிவைக்கும் பதிவு) சேர்ந்திருக்கிறீர்களா?" பதில் உடனே வந்தால் நல்ல அறிகுறி.

பணத்தில் தொடங்குவோம். ஆண்டுச் சீட்டின் விலையை ஒரு நாள் சீட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். அத்தனை தடவைக்கு மேல் போனால் உங்களுக்கு லாபம். போகாவிட்டாலும் பூங்காவுக்குப் பணம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. கூட்டம் குறையும் மாதங்களிலும் யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீவனம் வைத்தே ஆகவேண்டும். அந்த மாதங்களில் போவதே ஓர் உதவி. விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் (ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவுக்குப் பணம் தருவது) இருந்தால், புலியையும் யானையையும் விட்டுவிட்டு ஆந்தை, ஆமை, உடும்பு பக்கம் பாருங்கள். பிரபலங்களுக்கு ஆள் கிடைத்துவிடுகிறார்கள். "எதற்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள்" என்று தருகிற பணம் எல்லாவற்றையும்விட மேல், ஏனென்றால் ஒழுகும் கூரைக்கு யாரும் நன்கொடை தருவதில்லை.

பொருளாகத் தருவதென்றால் முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டி நல்ல பொருள்: உள்ளே உணவை ஒளித்துவைத்தால் விலங்கு கிழித்துத் தேடும், பொழுது போகும். ஆனால் டேப், ஸ்டேப்ளர் பின், பளபளப்பான உறை எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். பழைய துவாலைகளில் நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள், அது விரலைச் சுற்றும், குடலில் சிக்கும். பூச்சிமருந்து அடிக்காத கிளைகளை மட்டும் கொடுங்கள். அரளி ஓர் இலைகூடக் கலக்கக் கூடாது, கொடிய விஷம். வளர்க்க முடியாத கிளியையோ ஆமையையோ வாசலில் விட்டுவிட்டு வருவது உதவியே அல்ல. என்ன நோய் இருக்கிறதென்று தெரியாத ஓர் உயிரைப் பல நாள் தனியே வைத்துப் பார்க்கும் வேலையைத்தான் அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

ஒரு விலங்கு ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி நடந்தால் மணியைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து பாருங்கள். தீனி நேரம் நெருங்குவதால் இருக்கலாம், முன்பு இருந்த இடத்தில் ஒட்டிய பழக்கமாக இருக்கலாம், இப்போதைய இடம் போதாததாலும் இருக்கலாம். இரண்டாவது தடவையும் அப்படியே இருந்தால் சொல்லவேண்டிய விஷயம்தான். காப்பாளருக்குப் பார்க்கவேண்டிய கூண்டுகள் பல. நொண்டுவதோ தின்னாமல் ஒதுங்குவதோ இருபது நிமிடம் நின்றவர் கண்ணில் முதலில் படலாம். எந்தக் கூண்டு, எத்தனை மணி, எந்தக் கால், கூடவே முப்பது விநாடி வீடியோ. இதை அருகிலிருக்கும் ஊழியரிடம் காட்டுங்கள். இணையத்தில் போடுவதெல்லாம் அப்புறம்.