வாந்தி எடுத்த பூனைக்குட்டியைப் பட்டினி போடாதீர்கள்

தாயில்லாக் குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. குட்டி போடும் பருவம் வந்துவிட்டால் புதிதாகப் பூனை வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "சாப்பிட்ட உடனே வாந்தி எடுக்குது, என்ன பண்றது?" மாட்டுப்பால் ஊற்றாதே, வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு மீனைக் கொடுக்காதே என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் நானும் செய்து, இன்றைக்கும் பலர் செய்துகொண்டிருக்கிற மற்றவற்றைச் சொல்கிறேன். நான் பேசுவது ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரையுள்ள குட்டிகளைப் பற்றி.

பார்க்காமலே துடைத்துவிடுவது

துணியை எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில், வயிறு எக்காமல், தலையை லேசாகக் குனிந்து, தின்றது தின்றபடியே நீளமாக வந்து விழுந்தால் அது பெரும்பாலும் வயிற்றுக்குப் போகவே இல்லை, உணவுக்குழாயிலிருந்தே திரும்பிவிட்டது. பெரும்பாலும் அவசரம்தான் காரணம். நாலு குட்டிக்கு ஒரே தட்டு வைத்தால், வலுத்தது முண்டியடித்து விழுங்கும், அப்புறம் கக்கும். தனித்தனியாகத் தட்டையான தட்டுகளில், வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு அதோடு சரியாகிவிடும்.

ஆனால் கெட்டி உணவுக்கு மாறியதிலிருந்து ஒவ்வொரு வேளையும் கக்குகிறது, பசி அடங்குவதில்லை, கூடப் பிறந்தவை வளர இது மட்டும் எடை ஏறவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இதயத்துக்கு அருகே ரத்தக்குழாய் ஒன்று உணவுக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் பிறவிக் குறை சில குட்டிகளுக்கு இருக்கிறது.

வயிற்றை எக்கி எக்கி, எச்சில் ஒழுக, பாதி செரித்ததையோ மஞ்சள் நீரையோ வெளியே தள்ளினால் அதுதான் வாந்தி. இனி வருவதெல்லாம் அதைப் பற்றி.

பட்டினி போட்டு, காலையில் பார்ப்போம் என்று இருப்பது

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்பவர்கள் எல்லோரும் பாசமானவர்கள். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு, வாந்தி என்றதும் வயிற்றைக் காயப்போடத்தான் தோன்றும். வளர்ந்த நாய்க்கு ஒருவேளை அது சரியாக இருக்கலாம். ஆறு வாரக் குட்டி அரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதன் ஈரலில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, உடம்பில் கொழுப்பும் இல்லை. சில வேளை சாப்பிடாமல் போனாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், கூடவே உடம்புச் சூடும் இறங்கும். உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது, அப்புறம் ஊட்டினாலும் தங்காது.

போன பருவத்தில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இரவில் கூப்பிட்டான். "அக்கா, காலையில ரெண்டு தடவ வாந்தி எடுத்துச்சு, வயிறு சரியாகட்டும்னு ஒண்ணும் குடுக்கல, இப்ப எழுந்திரிக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் குட்டியைப் புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறான். காது சில்லென்று இருந்தது. ஈறு வெளுத்து, விரல் வைத்தால் ஒட்டியது. கண் திறந்திருந்தும் கையை அசைத்தால் பார்வை கூட வரவில்லை. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குளுக்கோஸைக் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே ஆட்டோவில் போனோம். மருத்துவர் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். விடிவதற்குள் இறந்துவிட்டது. மதியமே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றார் அவர். பையன் அழுதான், அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குட்டிக்கு வந்திருந்தது பேன்லூக்கோபீனியா, பூனைகளின் பார்வோ என்று சொல்லப்படும் வைரஸ் நோய். பல வீடுகளில் இது 'ஏதோ ஒத்துக்கல' என்ற பெயரில்தான் தொடங்குகிறது. காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. இதைப் பார்த்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், வைரஸ் உங்கள் செருப்பில் உள்ளே வரும்.

சரி, ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஓடி விளையாடுகிறதா? ஒரு மணி நேரம் விட்டு, வழக்கமாகச் சாப்பிடுவதையே ஒரு சின்னக் கரண்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். தங்கினால் இன்னும் கொஞ்சம். மறுபடி வாந்தி, அல்லது ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தது, அல்லது கூடவே கழிச்சல், அல்லது சுருண்டே படுத்திருப்பது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், இரவானாலும் சரி. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் பார்க்கும் மருத்துவர் யார் என்று குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே விசாரித்து வையுங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி, உடனே படிந்துவிட்டது, நீர்ச்சத்து இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். இவ்வளவு சின்னக் குட்டியில் அந்தச் சோதனை ஏமாற்றும். ஈறு ஈரமாக இருக்கிறதா, சிறுநீர் வெளிறி இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் அடர்ந்தால் நீர் குறைந்துவிட்டது.

நம் மாத்திரையைக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் வளர்ந்த பூனையையே கொன்றுவிடும்.

தொங்கும் நூலை இழுப்பது

பூக்கட்டும் நூல், பார்சல் நூல், தையல் நூல், எது கிடைத்தாலும் குட்டி விழுங்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் துப்பவும் வராது. ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அதன் மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும், நூல் அறுக்கும். வாந்தி நிற்காத குட்டியின் வாயைத் திறந்து நாக்கடியைப் பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டு போங்கள்.

எடை பார்க்காமல் பூச்சி மருந்து

வாந்தியில் வெள்ளையாக, இடியாப்ப இழை போல நெளிந்தால் உருளைப்புழு. தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும் என்பதால் தெருக்குட்டிகளில் மிகச் சாதாரணம். மருந்து எளிது, ஆனால் அளவு எடையைப் பொறுத்தது. சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

ஃபினாயில் ஊற்றிக் கழுவுவது

கருப்பு ஃபினாயில் பூனைக்கு விஷம், அதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். பார்வோ வைரஸும் அதற்கெல்லாம் சாகாது, வீட்டில் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். காய்ந்த பிறகுதான் மற்ற பூனைகளை அந்தப் பக்கம் விடலாம். இந்த நோயில் குட்டி இறந்த வீட்டுக்கு, தடுப்பூசி முழுவதும் போட்டு முடிக்காத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.