சிற்பம் பார்க்கப் போனால் முதுகுப் பக்கம் போய் நில்லுங்கள்: மண்ணில் கை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

"ஏதாவது செய்யணும்போல இருக்கு, ஆனா ஐடியாவே வர மாட்டேங்குது" என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு கிலோ களிமண், சென்னையில் ஓரிரு விடுமுறை நாட்கள் போதும்.

ஐடியா வராததற்குக் காரணம் பெரும்பாலும் நாம் குறைவாகப் பார்ப்பது இல்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறு பானைகளைப் பார்த்துவிடுகிறோம். பார்க்கும்போது "அழகா இருக்கா, இல்லையா", "இதுக்கு என்ன அர்த்தம்" என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். இரண்டுமே கைக்கு வேலை தராத கேள்விகள். "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தேடும்போதே "நாமும் இப்படி ஒன்று செய்து பார்த்தால் என்ன" என்று தோன்ற ஆரம்பிக்கும்.

படி 1: ஒரே ஒரு சிலை, அரை மணி நேரம்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பராமரிப்புக்காகச் சில அரங்குகளை மூடி வைப்பதும் உண்டு. அதனால் "இதைப் பார்த்தே தீருவேன்" என்று கிளம்பாமல், திறந்திருப்பதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செப்புத் திருமேனிகள் அரங்கு திறந்திருந்தால் சரியான யோகம். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். சுற்றி வர இடமிருக்கும் ஒரு சிலையாகப் பார்த்து நில்லுங்கள். ஐந்து நிமிடம் முன்பக்கம், அப்புறம் பக்கவாட்டு, கடைசியில் முதுகு. சோழர் காலச் சிலைகளின் பின்தலையில் சிரச்சக்கரம் என்று ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதற்குக் கீழே சுருள் முடி தோள் மீது இழை இழையாக இறங்கும். கோயிலில் துணியும் மாலையும் சாத்திய பிறகு இதில் பாதி யார் கண்ணிலும் படாது. அப்படியும் செய்திருக்கிறார்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கிறதா என்று பாருங்கள். சுவாமி புறப்பாட்டின்போது தண்டு கோத்துக் கட்டுவதற்காக வைத்தது அது. தூக்கிக்கொண்டு தெருவில் போக வேண்டிய சிற்பம் என்பதால் அந்த வடிவம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் கிடைத்தால் கைகளை எண்ணுங்கள். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று, ஆக மூன்று. இரு பக்கமும் சமமாக இல்லாத ஓர் உருவத்தை இடுப்பு வளைவை வைத்தே நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார் அந்தச் சிற்பி. சமச்சீர் இல்லாமலே சமநிலை வரும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

இந்தச் சிலைகள் எல்லாம் முதலில் மெழுகாக இருந்தவை என்பதையும் மனதில் வையுங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துபோவதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். ஆக, செம்பில் நாம் பார்க்கும் அந்த நெளிவு, மெழுகை விரல் வளைத்த நெளிவு.

ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் இருக்கும் பக்கமும் எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானைகளில் உள்பக்கமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. வண்ணம் தீட்டியதல்ல. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்று எட்டாமல் கறுத்தது, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நெருப்பையே வண்ணமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

படி 2: நோட்டில் வினைச்சொற்கள் மட்டும்

படம் வரைய வேண்டாம். நின்ற இடத்திலேயே அந்தச் சிற்பத்தைச் செய்த கை என்னென்ன செய்திருக்கும் என்று எழுதுங்கள். கிள்ளியது. உருட்டியது. அமுக்கியது. சுரண்டியது. ஒட்டியது. விட்டுவிட்டது.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செரா 1967-68-ல் இப்படித்தான் உருட்டு, மடி, கிழி, வெட்டு என்ற வகையில் வினைச்சொற்களை இரண்டு தாள்களில் வரிசையாக எழுதி வைத்தார். பிறகு ரப்பர், ஈயம் போன்றவற்றை எடுத்து அந்த வினைகளைச் செய்து பார்த்தார். அந்தப் பட்டியலே இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"விட்டுவிட்டது" என்பதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் மாமல்லபுரம். ஐந்து ரதத்தோடு கூட்டமாகத் திரும்பிவிடாதீர்கள். பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் என்று முடிக்காத ஒற்றைக்கல் ரதங்கள் அங்கே உண்டு. மேல்பாதி கோயில், கீழ்ப்பாதி வெறும் பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் புரியும். முடிக்காத குடைவரைகளில் பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களை உடைத்து எடுத்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவது அவர்கள் முறை. முடித்த குகையில் இந்தத் தடயம் இருக்காது. கற்றுக்கொள்ள வருபவருக்கு முடிக்காததுதான் லாபம்.

படி 3: பைசா செலவில்லாத ஒரு சுற்று

மெரினா உழைப்பாளர் சிலையைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம், பஸ் ஜன்னல் வழியாக. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவியது. சென்னை ஓவியக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர் அவர். காலை வெயில் ஏறுவதற்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருடைய எடை எந்தக் காலில் இறங்குகிறது, எந்த முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து அதே நிலையில் நீங்களே சுவரைத் தள்ளிப் பார்த்தால் தசை எங்கே இழுக்கிறது என்று தெரியும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

படி 4: "இதெல்லாம் கலையா?" என்று தோன்றும் இடத்தில் நிற்பது

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இருந்து தொடங்கலாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கியது. கலைஞர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்று வந்த பணத்தில் எழுந்த குடியிருப்பு. பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களையும் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் தேடிப் பாருங்கள். தகட்டை அடித்து, வெட்டி, பற்றவைத்து, முன்னால் இருந்து பார்ப்பதற்காகவே செய்தவை. எனக்கு அவற்றைப் பார்த்தால் கோயில் கவசமும் திருவாசியும்தான் நினைவுக்கு வரும். படி 1-ல் முதுகுப் பக்கம் போகச் சொன்னேன் அல்லவா, இங்கேயும் போங்கள். முன்முகம் மட்டுமே உள்ள சிற்பத்துக்குப் பின்னால் என்ன செய்திருக்கிறார்கள் என்பதே ஒரு பாடம்.

இன்னும் விசித்திரமானவற்றுக்கு நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்: என்ன பொருள்? எத்தனை? எங்கே வைத்திருக்கிறார்கள்? அர்த்தம் தானாகப் பின்னால் வரும், வராவிட்டாலும் குடி முழுகாது.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷான் 1917-ல் கண்காட்சிக்கு அனுப்பிய "ஊற்று": பீங்கான், ஒன்று, படுக்கவைத்த சிறுநீர்க் கோப்பை. அவர் முக்கியமாக மாற்றியது இடத்தைத்தான். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கொட்டிய சூரியகாந்தி விதைகள்: பீங்கான், சுமார் 10 கோடி, ஒவ்வொன்றும் சீனாவின் ஜிங்தெசென் ஊர்க் கைவினைஞர்கள் கையால் தீட்டியது. ஒரு விதையில் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில்தான் எல்லாம். கானாவில் பிறந்த சிற்பி எல் அனாட்சுய் செய்தவை: மதுப் புட்டி மூடிகள், ஆயிரக்கணக்கில், செப்புக் கம்பியால் கோத்துச் சுவரில் துணிபோல மடிந்து தொங்கும். மூன்றிலும் வேறு வேறு கேள்வி வேலை செய்கிறது. உங்கள் நோட்டில் அதைக் குறியுங்கள்.

படி 5: மண்

களிமண் கொசப்பேட்டையில் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக விநாயகரும் கொலு பொம்மையும் செய்கிற பேட்டை. ஆவணி, புரட்டாசியில் போனால் தெருவே வேலையாக இருக்கும். கேட்டுவிட்டு நின்று பாருங்கள். ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் பாக்கெட் மண்ணும் உண்டு, விலை கூட.

கல், வேர் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்கு நன்றாகப் பிசையுங்கள். கையில் ஒட்டக் கூடாது, மடித்தால் விரிசல் விடக் கூடாது. மீதியை ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள்.

முதலில் ஒரு கிண்ணம். சாத்துக்குடி அளவு உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு விரல் கனம் விட்டு நிறுத்துங்கள். பிறகு கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே, மெதுவாகக் கிள்ளிக்கொண்டே சுற்றுங்கள். அடியில் தொடங்கி மேலே வர வேண்டும். அவசரப்பட்டு விளிம்பை முதலில் மெலிதாக்கினால் வாய் அகன்று சரிந்துவிடும். சுவர் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வந்தால் போதும். விளிம்பில் வெடிப்பு வந்தால் ஈர விரலால் தடவுங்கள். தண்ணீரை ஊற்றினால் குழைந்துவிடும். விரல் தடத்தை வழித்து மழமழவென்று ஆக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். முதல் கிண்ணத்தில் விட்டுவிடுங்கள்.

காது, கால், மூக்கு என்று எதை ஒட்டுவதானாலும் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, மண்ணையே குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்ட வேண்டும். வெறுமனே அழுத்தி வைத்தால் காயும்போது கழன்று விழும்.

காயவைப்பதில்தான் சென்னை நம்மைச் சோதிக்கும். கோடையில் மேல்பக்கம் ஒரே நாளில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், நடுவில் விரிசல். ஃபேனுக்கு நேராக வைக்காமல், செய்தித்தாளால் தளர மூடி நிழலில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஆனாலும் தொட்டால் குளிரும். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் என்று அர்த்தம்.

சுடுவதை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம். சுடுமண்ணுக்கு ஏறக்குறைய 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஸ்டோன்வேர் என்கிற கெட்டி வகைக்கு 1200-க்கு மேல். ஸ்டூடியோ சூளையில் சுடக் கொடுப்பதானால் உங்கள் மண் எந்த வகை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணக் களிமண்ணை ஸ்டோன்வேர் சூட்டில் வைத்தால் உருகி அடுத்தவர் வேலையையும் கெடுக்கும். காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்பார்கள். வெடிக்கவைப்பது உண்மையில் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாவதுதான். அதனால் எதையும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமாகச் செய்யாதீர்கள், பெரிய உருவமானால் உள்ளே குடைந்துவிடுங்கள். நம் ஊர் அய்யனார் குதிரை அவ்வளவு உயரம் நிற்பதும் உள்ளே கூடாக இருப்பதால்தான்.

சுடாமலே விட்டாலும் தப்பில்லை. நம் பிள்ளையார் சுடாத மண், சில நாளில் தண்ணீருக்குப் போகிறவர். அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

படி 6: பார்த்ததையும் மண்ணையும் சேர்ப்பது

சதுர்த்திக்கு முதல் நாள் மாட வீதியில் அச்சுப் பிள்ளையார் விற்பவரைக் கவனியுங்கள். மரப் பலகையில் வெட்டிய அச்சுக்குள் மண்ணை அறைந்து, பின்பக்கம் வழித்து, ஒரு தட்டு. பிள்ளையார் வந்துவிடுவார். ஆனால் அவர் இன்னும் மண்தான். இரண்டு குன்றிமணியை அழுத்தியதும்தான் நம்மைப் பார்ப்பார். (குன்றிமணி விஷ விதை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் குச்சியால் துளை போட்டுக்கொள்ளுங்கள்.)

ஆன்டனி கோர்ம்லி என்ற பிரிட்டிஷ் சிற்பி இதே இரண்டு புள்ளியை நம்பித்தான் "ஃபீல்டு" வரிசையைச் செய்தார். ஊர் மக்களிடம் மண்ணைக் கொடுத்து, கையடக்கமாக, நிற்கிற மாதிரி, இரண்டு கண் துளையோடு உருவங்கள் செய்யச் சொன்னார். வாய் இல்லை, கை இல்லை. சீனாவில் 2003-ல் செய்த ஒன்றில் சுமார் 2 லட்சம் உருவங்கள், எல்லாம் வாசலைப் பார்த்து நிற்கும்.

உங்கள் பயிற்சியும் அதுதான், சிறிய அளவில். நோட்டில் இருந்து ஒரு வினைச்சொல், படி 4-ன் மூன்று கேள்விகளில் ஒன்று. உதாரணமாக "கிள்ளு" + "எத்தனை". உள்ளங்கை அளவில் இருபது உருவம், கிள்ளுவது மட்டும் அனுமதி, கடைசியில் இரண்டு கண். முதல் ஐந்து பொம்மை மாதிரி வரும். அதற்கப்புறம் கை சலித்துப்போய்க் குறுக்குவழி தேடும். அந்தக் குறுக்குவழியில் ஒன்று உங்களுக்கே உரியதாக இருக்கும், அதை மட்டும் எடுத்து அடுத்த வாரம் பெரிதாகச் செய்யுங்கள். சும்மா யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது வராது.

மண்ணே பிடிக்கவில்லையா? வீட்டில் சேர்வதில் ஒன்றை எடுங்கள். பால் கவர், பழைய திருமண அழைப்பிதழ், தண்ணீர் பாட்டில் மூடி. ஒரே பொருள், ஒரே வினை. கலந்தால் பள்ளிக்கூட எக்ஸிபிஷன் ஆகிவிடும்.

மேலே கற்றுக்கொள்ள ஆசை வந்தால் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் மண்பாண்டம் வனைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். செவ்வாய் விடுமுறை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி கண்காட்சிகளில் சுடுமண், செராமிக் வேலைகள் அடிக்கடி வரும். புதுச்சேரி வரை போக முடிந்தால் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. இன்று இந்தியாவில் செராமிக் செய்பவர்களில் நிறையப் பேர் அங்கே பயின்றவர்கள்.

சுத்தம் செய்வது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது. டேட் மாடர்னில் அந்தப் பீங்கான் விதைகள் மேல் மக்கள் நடப்பதைச் சில நாட்களிலேயே நிறுத்தியதும் கிளம்பிய தூசியால்தான். ஈரத்துணியால் துடையுங்கள். கையையும் சாமானையும் சிங்க்கில் கழுவாமல் ஒரு பக்கெட்டில் கழுவி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். அடியில் படிந்த மண்ணை எடுத்துப் பைக்குள் போட்டால் அடுத்த வாரத்துக்கு ஆச்சு. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் கதவைத் தட்டுவது கீழ் வீட்டுக்காரர்தான்.