சாவியின் லத்தீன் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் நாள்தோறும் கையில் எடுக்கும் சாவி, போர்த்துகீசிய மொழியின் 'ஷாவெ' என்ற சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. அந்தச் சொல்லோ, திறவுகோலைக் குறித்த 'கிளாவிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழித்தோன்றல். இந்த வரலாற்றை ஆர்வத்தோடு தேடப் புகுவோர் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்புவதே முதல் தவறும் பெரிய தவறும் ஆகும். பிரெஞ்சின் 'கிளே'யைக் கேட்டதும் கிளாவிஸோடு இணைத்துவிடுபவர், ஸ்பானிய மொழியின் 'யாவே'யையும் இத்தாலியத்தின் 'கியாவே'யையும் வேறு குலத்தைச் சேர்ந்தவை என்று ஒதுக்கிவிடுகிறார். உண்மையில் இவை அனைத்தும் உடன்பிறப்புகளே. இதற்குச் சான்று தனிச் சொல்லில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அழைத்தலைக் குறித்த 'கிளாமாரே' என்ற லத்தீன் வினையைப் பாருங்கள்: போர்த்துகீசியத்தில் 'ஷமார்', ஸ்பானியத்தில் 'யாமார்', இத்தாலியத்தில் 'கியாமாரே'. மழையைக் குறித்த 'புளுவியா'வும் அதே தடத்தில் 'ஷூவா', 'யூவியா', 'பியோஜ்ஜா' என மாறியது. சொல்லின் தொடக்கத்தில் லகரத்தோடு கூடி வரும் மெய்ம்மயக்கம் (cl, pl) ஒவ்வொரு மொழியிலும் தனக்குரிய ஒழுங்கில் திரிந்திருப்பதை இவ்வரிசைகள் காட்டுகின்றன. அந்த ஒழுங்குக்கு உட்படும் சொல்லே உறவுச் சொல். ஒப்பிடும்போது எழுவாய் வடிவமான 'கிளாவிஸ்' என்பதை விட்டுவிட்டு, இரண்டாம் வேற்றுமை வடிவமான 'கிளாவெம்' என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இம்மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அந்த வடிவத்திலிருந்தே கிளைத்தன.

இந்த ஒழுங்கு தெரிந்துவிட்டால், பண்டைய ரோமானிய வணிகர்கள் முசிறிக்கு மிளகு வாங்க வந்தபோதே சாவி என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போனார்கள் என்று கூறும் தவறும் தானே விலகிவிடும். லத்தீனிலிருந்து நேரே வந்திருந்தால் அச்சொல் 'கிளா' என்றல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? சகரத்தில் தொடங்குவதே அது போர்த்துகீசிய வாயில் புகுந்து வந்தது என்பதற்குச் சாட்சி. இன்று லிஸ்பனில் 'ஷா' என்று ஒலிக்கும் அதன் முதலொலி, 16ஆம் நூற்றாண்டில் 'பச்சை' என்னும் சொல்லில் வரும் சகரத்தைப் போல் வலித்து ஒலித்தது. இந்திக்காரர்கள் சாவியைச் சொல்லும்போது இன்றும் அந்தப் பழைய ஒலியைக் கேட்கலாம். ஒரு மொழி தன் தாய்நிலத்தில் இழந்த ஒலியை, கடன் வாங்கிய மொழி காத்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

ஒலி நெருக்கமாக இருப்பதும் ஏமாற்றக்கூடும். ஸ்பானியத்தில் 'யாவே'யோடு 'கிளாவே' என்றொரு சொல்லும் உண்டு. லத்தீனுக்கு நெருக்கமாக ஒலிப்பதால் அதுவே மூத்தது என்று நினைப்பது பிழை. மக்கள் வாய்வழியாகத் தேய்ந்து வந்தது 'யாவே', கற்றோர் பிற்காலத்தில் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டது 'கிளாவே'. அதனால்தான் கதவுச் சாவியை முன்னதும், மறைகுறியீட்டின் திறவை அல்லது இசைக் குறியீட்டைப் பின்னதும் குறிக்கின்றன. ஆங்கிலத்தின் 'கீ' இந்தக் குடும்பத்திலேயே இல்லை. அது பழைய ஆங்கிலச் சொல்.

ஆணியைக் குறிக்கும் 'கிளாவுஸ்' வேறு சொல். தொலைவில் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று அறிஞர்கள் கருதினாலும், வழித்தோன்றல்களைக் கலக்கக் கூடாது. பிரெஞ்சின் 'கிளூ'வும் போர்த்துகீசியத்தின் 'கிராவு'வும் ஆணிவழி வந்தவை. பின்னது கிராம்பையும் குறிக்கும். ஒரு கிராம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், மேலே கொண்டையும் கீழே காம்புமாக அது சின்ன ஆணியாகவே தெரியும்.

பொருளை ஆராயும்போது, இன்றைய பொருளை மூலத்தில் ஏற்றிச் சொல்வது மற்றொரு பிழை. கிளாவிஸ் வழியே பிறந்து, போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தைக் குறிக்கும் 'கான்கிளேவ்' என்பதற்கு ரகசியக் கூட்டம் என்பதே வேர்ப்பொருள் என்பார்கள். லத்தீனில் அது பூட்டத்தக்க அறை, அவ்வளவே. 1268இல் நான்காம் கிளெமென்ட் இறந்தபின் விதெர்போ நகரில் தேர்தல் 1271 வரை இழுத்தடித்ததால் கர்தினால்கள் பூட்டி வைக்கப்பட்டார்கள். 1274இல் பத்தாம் கிரிகோரி அதையே விதியாக்கினார். அதன் பிறகே அறையின் பெயர் கூட்டத்தின் பெயராயிற்று.

தமிழுக்குத் திரும்பினால், இங்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. மழை பொய்த்த வயலில் கதிரைப் பிடித்து நெருடினால், பால் பிடிக்காமல் வெறும் உமியாக உதிரும் நெல்லையும் உழவர்கள் சாவி என்பார்கள். சா என்னும் வினையடியில் பிறந்த இத்தமிழ்ச் சொல்லுக்கும் பூட்டுச் சாவிக்கும் எந்த உறவும் இல்லை. போர்த்துகீசியர் ஆண்ட இடமெல்லாம் இச்சொல் நிலைத்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். 1619 முதல் 1658 வரை அவர்கள் ஆண்ட யாழ்ப்பாணத்தில் அவர்கள் தந்த அலுமாரியும் யன்னலும் வழக்கில் இருக்கின்றன. ஆனால் அந்த அலுமாரியைத் திறக்க அங்குள்ளோர் தேடுவது திறப்பைத்தான்.