பழைய கே-ஜெட்ரானிக் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தம்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வண்டி திணறுது, பெட்ரோல் பிரஷர் கம்மியா இருக்கும், பம்பை மாத்திடலாம்." பழைய இன்ஜெக்ஷன் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அழுத்தத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது ஒன்று. எந்த அழுத்தம் என்று யாரும் கேட்கவில்லை என்பது மற்றொன்று. அதிகம் செலவு வைப்பது இந்த இரண்டாவதுதான்.

பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு 1973-இல் போர்ஷே 911-இல் வந்தது. பிறகு வோல்வோ 240, கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடஸ் 230இ, டெலோரியன் என்று பல வண்டிகளில் அமர்ந்தது. அடிப்படையில் இது முழுக்க இயந்திர அமைப்பு. இன்ஜெக்டர்கள் விட்டுவிட்டு அடிப்பதில்லை. இன்ஜின் ஓடும்வரை தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டோடு சேர்ந்த நெம்புகோல், பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் ஃப்யூவல் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டைத் தூக்கும். பிளஞ்சர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெட்ரோல் போகும். அந்தப் பிளஞ்சரின் தலைமேல் பெட்ரோலின் அழுத்தமே எதிர்விசையாக உட்கார்ந்திருக்கிறது.

ஆக, இங்கே மூன்று அழுத்தங்கள். பம்பிலிருந்து வருவது சிஸ்டம் பிரஷர். பெரும்பாலான வண்டிகளில் 4.5 முதல் 5.5 பார். பிளஞ்சரின் தலையை அமுக்குவது கன்ட்ரோல் பிரஷர். இதை இன்ஜினின் சூட்டுக்கு ஏற்ப வார்ம்-அப் ரெகுலேட்டர் தீர்மானிக்கிறது, இன்ஜின் சூடான பின் ஏறத்தாழ 3.4 முதல் 3.8 பார். இன்ஜினை அணைத்த பிறகு குழாய்களில் தங்கி நிற்பது ரெஸ்ட் பிரஷர்.

சிஸ்டம் பிரஷர் குறைந்தால் பெட்ரோல் வரத்து தளரும், வண்டி இழுக்காது. கன்ட்ரோல் பிரஷர் குறைந்தால் நேர் எதிர்: பிளஞ்சரை அமுக்க விசை இல்லாததால் அது கூடுதலாக உயரும், பெட்ரோல் அதிகமாகப் போகும், கரும்புகை வரும், பிளக் கருக்கும். கன்ட்ரோல் பிரஷர் கூடினால் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து, காலையில் ஸ்டார்ட் ஆனதும் துடித்து நின்றுவிடும். 'பிரஷர் கம்மி' என்ற ஒரே சொல்லுக்கு இந்த அமைப்பில் இரண்டு எதிரெதிரான நோய்கள். கரும்புகையைப் பார்த்ததும் அழுத்தம் கூடிவிட்டது என்று முடிவுகட்டிப் பம்பில் கை வைப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

அளக்கும்போதும் தவறுகள் நடக்கின்றன. கார்புரேட்டர் வண்டிக்கான கேஜ் இங்கே உதவாது. 0 முதல் 10 பார் வரை காட்டும் கேஜ் வேண்டும், கூடவே ஒரு வால்வும் வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையே போகும் குழாயில் கேஜை மாட்ட வேண்டும். கேஜ் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம், வால்வு ரெகுலேட்டர் பக்கம். வால்வை மூடினால் சிஸ்டம் பிரஷர், திறந்தால் கன்ட்ரோல் பிரஷர். மாற்றி மாட்டினால் வால்வை மூடியதும் கேஜ் டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து துண்டிக்கப்படும். அப்போது அது காட்டும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அந்த எண்ணை நம்பி நல்ல பாகத்தைக் கழற்றுவார்கள்.

அடுத்தது, சூடான இன்ஜினில் அளந்துவிட்டுக் குளிர்நிலை அட்டவணையோடு ஒப்பிடுவது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் இருஉலோகத் தகட்டை ஒரு மின்சுருள் சூடாக்குகிறது. குளிர்நிலை அளவு வேண்டுமென்றால் வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பிறகு கனெக்டரை மாட்டினால் சில நிமிடங்களில் அழுத்தம் படிப்படியாக ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா, சுருள் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: குளிர்நிலை அளவு சுற்றுவெப்பத்தைப் பொறுத்தது. கையேட்டில் 20 டிகிரிக்குப் போட்டிருக்கும் எண், சென்னையில் மே மாதக் காலையில் பொருந்தாது. வரைபடத்தில் அன்றைய வெப்பநிலைக்கு நேரே உள்ள அளவைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நான் மிகவும் அஞ்சும் தவறு: அழுத்தத்தைச் சரிபார்க்காமல் கலவை ஸ்க்ரூவைத் திருகுவது. டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் காற்றுத்தட்டுக்கும் நடுவே ஒரு துளை, 3 மி.மீ. ஆலன் கீ உள்ளே போகும். அரைக்கால் சுற்று திருப்பினாலே ஐடில் மாறிவிடும் என்பதால், எல்லாவற்றுக்கும் மருந்து இதுதான் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் கன்ட்ரோல் பிரஷரின் கோளாறை இந்த ஸ்க்ரூவால் மறைக்கத்தான் முடியும். ஐடில் சீராகும், ஓட்டத்தில் கெடும்; சூட்டில் சீராகும், குளிரில் கெடும். பிறகு வருகிற மெக்கானிக்குக் கலவையும் தவறு, அழுத்தமும் தவறு என்று இரண்டு முடிச்சுகள். காற்றுக்கசிவு, பற்றவைப்பு, மூன்று அழுத்தங்கள் எல்லாம் சரியான பிறகே அந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஆலன் கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒருபோதும் மிதிக்கக் கூடாது. தட்டு நகரும்போது கீ மாட்டிக்கொண்டு நெம்புகோலை வளைத்துவிடும்.

காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும், கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பினால் ஆகாது. இது பெரும்பாலும் ரெஸ்ட் பிரஷர் விவகாரம். அழுத்தம் இறங்கிவிட்டால் சூடான குழாய்களில் பெட்ரோல் ஆவியாகும். உடனே புது பம்ப் வாங்குகிறார்கள். சில சமயம் அதுவே பலிக்கும். ஏனென்றால் பம்போடு, பெட்ரோல் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் புது செக் வால்வும் வந்துவிடுகிறது. பல வண்டிகளில் அந்த வால்வு தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு. அழுத்தம் தப்பிக்க வேறு வழிகளும் உண்டு: அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யூமுலேட்டரின் கிழிந்த டயாஃப்ரம் (உள்சவ்வு), டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங், சொட்டும் இன்ஜெக்டர், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் கோல்ட் ஸ்டார்ட் வால்வின் ஒழுகல். அக்யூமுலேட்டரைச் சோதிப்பது எளிது. பின்பக்கத்திலிருந்து டேங்குக்குத் திரும்பும் சிறு ரப்பர் குழாயைக் கழற்றி, பம்பை ஓடவிட்டு, அக்யூமுலேட்டரின் முனையைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் வந்தால் டயாஃப்ரம் போய்விட்டது.

கேஜ் சரியான எண் காட்டுகிறது என்பதற்காகப் பெட்ரோல் போதுமான அளவு வருகிறது என்று பொருளில்லை. ஐடிலில் 5 பார் இருக்கும். மேட்டில் ஏறும்போது மூச்சுவாங்கும். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயிலிருந்து ஒரு அளவுக்குவளையில் 30 விநாடி பிடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் முக்கால் லிட்டருக்கு மேல் வர வேண்டும், சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். குறைந்தால் டேங்குக்குள் இருக்கும் வலை, ஃபில்டர், பம்புக்கு வரும் வோல்டேஜ் என்ற வரிசையில் போங்கள். துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்யாமல் புது ஃபில்டர் போடுவது வீண்செலவு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து எழுபதுகளின் ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை. அவற்றையும் உயர் அழுத்தத்துக்கு ஏற்ற புதிய குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

சோதனைக்காக, பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேவுக்குப் பதில் ஒரு வயர்த்துண்டைச் செருகிப் பம்பை ஓடவிடுவது வழக்கம். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த ரிலே இருக்கிறது. விபத்தில் குழாய் அறுந்தால் தீயைத் தடுப்பது அதுதான். ரிலே கெட்டுவிட்டது என்று வயரோடே வண்டியை ஓட்டுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பம்ப் ஓடும்போது காற்றுத்தட்டைத் தூக்கியும் பார்க்காதீர்கள். இன்ஜெக்டர்கள் வழியாகச் சிலிண்டர்கள் பெட்ரோலால் நிரம்பும். அதன்மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் கனெக்டிங் ராடே வளையலாம்.

குழாயைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுங்கள், இன்ஜின் ஆறட்டும், மூட்டின்மேல் துணியைச் சுற்றி மெல்லத் தளர்த்துங்கள். ரெஸ்ட் பிரஷரே கண்ணில் பெட்ரோலைப் பீய்ச்சப் போதும். இரண்டு ஸ்பானர் பிடித்துத் திருகுங்கள், செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் வண்டி கே-யா கேஇ-யா என்று பாருங்கள். மெர்சிடஸ் 190இ போன்றவற்றில் இருப்பது கேஇ-ஜெட்ரானிக். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதில் வார்ம்-அப் ரெகுலேட்டரே கிடையாது. டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மின்-நீரியல் ஆக்சுவேட்டர் (மின்சாரத்தால் பெட்ரோல் அழுத்தத்தை மாற்றும் கருவி) அந்த வேலையைச் செய்கிறது. அங்கே அளக்க வேண்டியது சிஸ்டம் பிரஷருக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் கீழ் அறையில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மேலே சொன்ன கன்ட்ரோல் பிரஷர் எண்களை அந்த வண்டியில் தேட வேண்டாம்.